ஹட்டன் போம் கடை: நல்ல சேவை, தேவைப்படக் கூடாத சேவை

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில், பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கும் துணிக் கடைக்கும் இடையே மேலேறும் ஒடுக்கமான படிக்கட்டின் முடிவில் அந்தக் கடை இருக்கிறது. அதற்கென்று தனிப் பெயர் கிடையாது. போட்டோ கொப்பி, லெமினேட், டைப்பிங், போம் நிரப்பித் தரப்படும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகை ஒன்றுதான் வெளியே தொங்குகிறது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ‘போம் கடை’, அதாவது படிவம் நிரப்பும் கடை, என்று சொன்னால் வழி காட்டாதவர் இல்லை. கடந்த ஒன்றரை வருட காலத்தில் என் அம்மாவின் காரியமாக நான்கு முறையும், அயலவர்களைக் கூட்டிக்கொண்டு பல முறையும் அங்கே போயிருக்கிறேன். பயன்படுத்திய சேவையைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று, கடையைப் பாராட்டத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அங்குள்ள வாங்கில் காத்திருந்த நேரமெல்லாம் என் மனதில் வளர்ந்த எண்ணம் ஒன்றும் இதனோடு சேர்ந்தே வருகிறது. இப்படியொரு கடை நமக்குத் தேவைப்படுவதே நம் நாட்டு நலன்புரி முறையின் பெரிய குறை. எவரையும் தெரிவு செய்யாமல், எல்லோருக்கும் மாதந்தோறும் ஓர் அடிப்படை வருமானத்தைக் கொடுத்துவிடுவதே அந்தக் குறைக்குச் சரியான மருந்து என்று நான் நம்புகிறேன்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இரண்டு கணினிகள், ஒரு பெரிய பிரதி இயந்திரம், சுவரோரமாக ஒரு நீண்ட வாங்கு. கடைக்கார அண்ணன் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் அச்சகமொன்றில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய மனைவியும், உதவிக்கு உயர்தரம் முடித்த ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள். மூவருக்கும் தமிழும் சிங்களமும் பிழையில்லாமல் எழுத வரும் என்பது அந்தக் கடையின் முதல் பலம். கையில் கிடைத்த படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தாலும், அவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்து, பதிலைக் கேட்டு, அதன் பிறகே எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் முழுவதையும் மறுபடி வாசித்துக் காட்டி, “சரிதானே அம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் கையொப்பம் வாங்குகிறார்கள். நகரில் போம் நிரப்பிக் கொடுக்கும் வேறு இடங்களும் உண்டு, ஆனால் திரும்ப வாசித்துக் காட்டும் வழக்கத்தை நான் இங்கே மட்டும்தான் பார்த்தேன்.

பிரதி ஒரு பக்கம் 20 ரூபாய், ஒற்றைத் தாள் படிவம் 150 ரூபாய், பல பக்கங்கள் கொண்டது 300 ரூபாய். உறையில் முகவரி எழுதுவதற்குக் காசு இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் போம் நிரப்பவும் காசு வாங்குவதில்லை. குறை என்று சொன்னால், படிக்கட்டு மிகவும் செங்குத்தானது, பிடித்து ஏறக் கம்பியும் இல்லை, மழை நாளில் வழுக்கும். முழங்கால் நோவுள்ள முதியவர்கள் கீழே நின்றபடி பிள்ளைகளை மேலே அனுப்புவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மலசலகூட வசதி கிடையாது. மின்சாரம் நின்றால் வேலையும் நின்றுவிடும்.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். கடைக்கார அக்கா அவரிடம், “அப்பாயி, பொறந்த தேதி அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு, சர்டிபிகட்ல வேற ஒண்ணு இருக்கு. எதைப் போடுறது?” என்று கேட்டார். மூதாட்டி சற்று நேரம் யோசித்தார். “நான் பொறந்தப்போ மழை விடாம பேஞ்சுச்சுன்னு எங்க ஆத்தா சொல்லும் தாயி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்றார். அக்கா சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. சத்தியக்கடதாசி ஒன்றைத் தட்டச்சு செய்து, எந்தச் சமாதான நீதவானிடம் எந்த நாளில் போனால் கையொப்பம் கிடைக்கும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதைப் பேரனின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. பின்னால் நின்ற எட்டுப் பேரில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, எல்லோருடைய கையிலும் அப்படியொரு முரண்பட்ட காகிதம் இருந்தது.

என் அம்மாவின் கதையும் அதுவே. நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவருடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறியும், தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் தகப்பன் பெயரோடு ஒட்டி வேறொரு விதமாகவும் இருக்கிறது. எழுதியவர்கள் அவரவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். ஒரு கொடுப்பனவுக்காகக் கணக்குத் திறக்கப் போனபோது, நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு வங்கிக் கிளையில் எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் முறை ஓர் எழுத்துக்காக, இரண்டாம் முறை அந்த எழுத்தைத் திருத்த நாங்கள் கொண்டுபோன கடிதத்தில் திகதி இல்லை என்பதற்காக. மூன்றாம் முறை போனபோது போம் கடையில் தயாரித்த சத்தியக்கடதாசி எங்களைக் காப்பாற்றியது. நான் பாடசாலை ஆசிரியன், இரண்டு மொழியும் ஓரளவு தெரியும், அரை நாள் லீவு எடுக்க முடியும். இவை எதுவும் இல்லாத வீட்டில் மூன்றாம் முறை போயிருப்பார்களா என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. மலைக்குப் போகும் ஒரு பெண் போம் கடைக்கும் அலுவலகத்துக்குமாக ஒரு நாள் நகரத்துக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். பேருந்துக்கு வர, போக 300 ரூபாய், பிரதிக்கும் போமுக்கும் 300 ரூபாய், பிளேன்டீக்கும் பணிஸுக்கும் 150 ரூபாய் என்று வைத்தால், அந்தச் சம்பளத்தில் ஒரு பயணத்தின் செலவு 2,100 ரூபாய். மூன்று பயணத்துக்கு 6,300 ரூபாய். அந்த விண்ணப்பத்தினால் கிடைக்கக்கூடிய மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாய் என்றால், வறுமையை நிரூபிப்பதற்கு அந்தக் குடும்பம் ஒரு மாதக் கொடுப்பனவுக்கு மேலாகத் தன் கையிலிருந்து போடுகிறது. நிராகரிக்கப்பட்டால் அதுவும் போனதுதான். கடை வாங்கும் 150 ரூபாய் நியாயமான கூலி. நியாயமில்லாதது, அந்தப் பெண்ணைப் படிக்கட்டு ஏறவைத்த நிபந்தனை.

அந்தக் கடைக்கு இவ்வளவு கூட்டம் வந்ததற்கு 2023 ஜூலையில் தொடங்கிய, வறிய குடும்பங்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும ஒரு முக்கிய காரணம். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், சமுர்த்தி உதவித்தொகையின் இடத்துக்கு அது வந்தது. அதன் நல்ல பக்கத்தை மறைக்க நான் விரும்பவில்லை. பணம் இடையில் எவர் கையும் படாமல் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது, தொகையும் பலருக்குச் சமுர்த்தியைவிடப் பெரியது. தொடக்கத்தில் நிலைமாறும் குடும்பங்களுக்கு 2,500 ரூபாய், பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களுக்கு 5,000 ரூபாய், வறியவர்களுக்கு 8,500 ரூபாய், மிக வறியவர்களுக்கு 15,000 ரூபாய் என்று நான்கு படிகள் இருந்தன. 2025இல் கடைசி இரண்டு படிகளும் 10,000 ரூபாயாகவும் 17,500 ரூபாயாகவும் உயர்ந்தன. ஒரு வீட்டில் அந்தப் பணம் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைக் குறைத்துப் பேசுவது பாவம்.

எனக்குள்ள மனக்குறை அந்தப் பணத்தைப் பற்றியது அல்ல, அதை அடையும் வழியைப் பற்றியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு ஒரு குடும்பத்துக்குப் புள்ளி போட்டு, அது வறியதா, எந்த அளவுக்கு வறியது என்று தீர்மானிக்கிறார்கள். முதல் பட்டியல் வெளியானதும் நாடு முழுவதிலிருந்தும் 9 இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. அளவுகோல் எவ்வளவு நுணுக்கமானதாக இருந்தாலும், மெல்லிய ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் வாழ்பவர்களைப் பிரிக்கும்போது தவறு நேர்ந்தே தீரும். அந்தத் தவறின் சுமை எப்போதும் விண்ணப்பித்தவரின் தலையில்தான் விழுகிறது.

தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு லயத்தில் பத்துக் காம்பரா. எல்லாவற்றுக்கும் ஒரே தகரம், ஒரே சுவர், ஒரே இஸ்தோப்பு. சுவரையும் தரையையும் பார்த்துப் பத்தில் எந்த நான்கு வீடு வறியது என்று சொல்லுங்கள் என்றால், அங்கேயே பிறந்த என்னாலும் சொல்ல முடியாது. மூன்றாம் காம்பராவில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், ஆனால் ஒருவருக்குச் சிறுநீரக வருத்தம். ஏழாம் காம்பராவில் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், ஆனால் மூன்று மாதமாகக் காசு அனுப்பவில்லை. கொழுந்து நன்றாக வரும் மாதத்தில் மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு கிடைக்கும். வறட்சி மாதத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது, பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறுத்த அளவு வராவிட்டால் அரைப்பேர்தான். கணக்கெடுப்பாளர் வருவது ஏதோ ஒரு நாளில். அந்த ஒரு நாளின் நிலை அந்தக் குடும்பத்தின் தலையெழுத்தாகக் கணினிக்குள் போய்விடுகிறது.

குடும்பம் எது என்பதே இங்கே தகராறு. மணமான மகன் அதே காம்பராவில் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொண்டு மனைவி, பிள்ளையுடன் இருக்கிறான். அடுப்பு இரண்டு, கதவு ஒன்று. அது ஒரு குடும்பமா, இரண்டா? வீட்டுக்கு ஒரு கணக்குக்குப் பணம் போனால் அது யாருடைய கணக்கு, யார் யாரிடம் கையேந்த வேண்டும்? முகவரியும் அப்படித்தான். பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்கும்போது மேன்முறையீட்டுக்கான கடைசி நாள் கடந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த இந்த மக்களிடம் நிரூபணம் கேட்பது புதிதல்ல என்பதால் இந்த விடயம் எனக்கு இன்னும் வலிக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா, பாட்டிமாரிடம் நீங்கள் இந்த நாட்டவர்தான் என்பதற்குக் காகிதம் கேட்டது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. நாடற்றவர் என்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிரதேச சபைகள் தங்கள் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடையும் 2018 திருத்தத்தில்தான் நீங்கியது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குக் காகிதக் கட்டோடு ஏதோ ஒரு வரிசையில் நின்றிருக்கிறது. போம் கடையின் வாங்கில் நான் பார்த்த பொலித்தீன் பைகள், ஓரம் கிழிந்த சான்றிதழ்கள், மடித்து மடித்து எழுத்து அழிந்த கடிதங்கள் எல்லாம் அந்த வரிசையின் தொடர்ச்சியே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது, இதன் பொருள் எனக்கு இன்னும் தெளிவானது. சேதமடைந்த வீடுகளைச் சுத்தம் செய்ய அரசாங்கம் 25,000 ரூபாய் அறிவித்தது, நல்ல ஏற்பாடு. அடுத்த வாரமே போம் கடையின் படிக்கட்டில் கீழ்வரை ஆட்கள். சேறு ஒட்டிய காலோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். வீடு யாருடைய பெயரில் என்ற கேள்விக்கு லயத்தில் வாழ்பவர் என்ன எழுதுவது என்று கடைக்கார அண்ணன் ஒவ்வொருவருக்கும் யோசித்து யோசித்து எழுதினார். நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஏற்கனவே ஒரு கணக்கு இருந்து, அதில் மாதம் தவறாமல் சிறிய தொகை ஒன்று விழுந்துகொண்டிருந்தால், அழிவு நடந்த மாவட்டங்களுக்கு அந்தத் தொகையை ஒரே நாளில் இரட்டிப்பாக்கியிருக்கலாம். அன்றைக்கு எவரும் படி ஏறியிருக்கத் தேவையில்லை.

அடிப்படை வருமானம் என்பது இதுதான்: நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும், தனித்தனியாக, வேலை செய்கிறாரா இல்லையா, வசதி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், நிபந்தனையின்றி, மாதந்தோறும் பணமாகக் கொடுப்பது. இது நமக்குப் பழக்கமில்லாத எண்ணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1942இல் போர்க் காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, வருமானம் கேட்காமல் கொடுக்கப்பட்டது. 1953இல் அதன் மானியத்தைக் குறைத்து, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். எல்லோருக்கும் உரியதை எல்லோரும் காப்பாற்றுவார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1978இல் மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று பங்கீட்டைச் சுருக்கினார்கள். 1979இல் அது உணவு முத்திரையானது. விலைவாசி ஏற ஏற முத்திரையின் பெறுமதி கரைந்து போனது. அப்போது ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. ஏழைகளுக்கு மட்டும் என்று ஆன பிறகு, அதற்காகக் குரல் கொடுக்க ஏழைகளே மிஞ்சினார்கள்.

இன்றும் நம்மிடம் எல்லோருக்குமான ஏற்பாடுகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் எவரும் சம்பளத் துண்டு கேட்பதில்லை. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து 1945 இலவசக் கல்வியில்தான் நானும் படித்தேன். 1980 முதல் பாடநூல்கள் இலவசம். வருடத் தொடக்கத்தில் நான் என் வகுப்பில் புத்தகங்களைப் பங்கிடும்போது கடைக்காரர் மகளுக்கும் ஒன்று, கொழுந்து பறிப்பவர் மகனுக்கும் ஒன்று. எவரும் எவரையும் பார்ப்பதில்லை, புதிய தாளின் மணத்தைத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். 2025இல் பாடசாலை உபகரணங்கள் வாங்க 6,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளை முதன்மைப்படுத்தி வந்த ஏற்பாடு அது. பெயர்களை வாசித்தபோது, ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்து வரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று எழுந்தது, மற்றது தலையைக் குனிந்துகொண்டது. எட்டு வயதுப் பிள்ளை. அதற்கு நான் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

மறுப்புகள் எனக்குத் தெரியாமல் இல்லை. சும்மா காசு கொடுத்தால் ஆட்கள் வேலைக்குப் போக மாட்டார்கள், குடித்து அழிப்பார்கள் என்பது முதலாவது. தோட்டங்களில் குடி ஒரு பெரிய துயரம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பரீட்சித்துப் பார்த்த இடங்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 2011இல் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம், யுனிசெப் ஆதரவுடன் எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் நிபந்தனையின்றிப் பணம் கொடுத்தது. வயது வந்தவருக்கு மாதம் 200 இந்திய ரூபாய், பிள்ளைக்கு 100. பின்னர் அது 300, 150 என்று கூடியது. பிள்ளையின் பங்கு தாயிடம் கொடுக்கப்பட்டது. சாப்பாடு மேம்பட்டது, பிள்ளைகளின் பாடசாலை வரவு கூடியது, கடன் குறைந்தது, கூலிக்குப் போனவர்கள் சொந்த நிலத்தில் கூடுதலாக வேலை செய்தார்கள், குறிப்பாகப் பெண்கள். குடி கூடியதற்குச் சான்று இல்லை. ஈரானில் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக ஏறத்தாழ எல்லோருக்கும் ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கும் மக்கள் வேலையை விட்டு ஒதுங்கவில்லை. ஆனால் தொகையை விலைவாசியோடு உயர்த்தாததால் அது சில வருடங்களில் தேய்ந்துபோனது. நம்முடைய உணவு முத்திரைக்கு நேர்ந்ததும் அதுவே. ஆகவே வருடந்தோறும் விலைவாசிக்கேற்ப உயரும் என்பதைச் சட்டத்திலேயே எழுதாமல் இதைத் தொடங்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு, பணக்காரருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது. அவருக்குக் கொடுத்ததை வருமான வரியில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்கான திணைக்களமும் கணக்கும் ஏற்கனவே இருக்கின்றன. வசதியானவரை ஒரு முறை வரிப் படிவத்தில் கண்டுபிடிப்பது எளிது, வறியவரை ஒவ்வொரு முறையும் 22 கேள்விகளால் கண்டுபிடிப்பதுதான் கடினம். மேலும், வறியவர் வரி கட்டுவதில்லை என்ற எண்ணமும் பிழை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். லயத்துக் கடையில் சவர்க்காரம் வாங்கும் பெண்ணும் அதைக் கட்டித்தான் வாங்குகிறாள்.

மூன்றாவது, பணம் எங்கே என்பது. இதுதான் உண்மையிலேயே கனமான கேள்வி. 2024 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் பேர். ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 52,000 கோடி, அதாவது 520 பில்லியன் ரூபாய் ஆகிறது. 2024இல் அரசாங்கத்தின் வரி வருமானம் ஏறத்தாழ 3,700 பில்லியன். ஏழில் ஒரு பங்கு சிறிய தொகை அல்ல. 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்ற நாட்டுக்கு அதை ஒரே வருடத்தில் செய் என்று நான் சொல்லவில்லை. அறுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று தொடங்கலாம். வயதுதான் தகுதி. அடையாள அட்டையிலோ பிறப்புப் பதிவிலோ இருக்கும் ஓர் எண்ணைத் தவிர வேறு எதையும் அளக்கத் தேவையில்லை. அதன் பிறகு வயது எல்லையை மேலிருந்தும் கீழிருந்தும் வருடாவருடம் நகர்த்தி வரலாம். என் அம்மாவைப் போல ஊழியர் சேமலாப நிதியை ஒரே தடவையில் எடுத்து, மகளின் கல்யாணத்துக்கும் கூரைக்கும் செலவழித்துவிட்டு, மாத ஓய்வூதியம் என்று எதுவும் இல்லாமல் இருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கு அந்த முதற்படியே பெரிய ஆறுதலாக இருக்கும்.

தோட்டத்துத் தலைவர் ஒருவர் என்னிடம் வேறொரு பயத்தைச் சொன்னார்: “அரசாங்கம் மாசாமாசம் காசு குடுத்தா கம்பனிக்காரன் சம்பளத்தைக் கூட்டவே மாட்டான் சேர்.” இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் எங்கள் சம்பளப் போராட்டத்தின் வரலாறு அவ்வளவு கசப்பானது. 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் கிடைப்பதற்கே எத்தனை வருடம் ஆனது! 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாயாக்குவதோடு, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தரும் என்றும் அறிவித்தார்கள். அந்த 200 ரூபாய் வேலைக்குப் போகும் நாளுக்குத்தான். காய்ச்சலில் படுத்தவளுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், ஓய்வு பெற்றவளுக்கும், வேலை கொடுக்கப்படாத நாளுக்கும் இல்லை. அடிப்படை வருமானம் அப்படிப்பட்டதல்ல. அது தோட்டத்தை நடத்தும் துரைக்கும் செக்ரோலுக்கும் தொடர்பில்லாமல் அவளுடைய பெயரில் வருகிறது. கையில் கொஞ்சம் பணம் இருப்பவள்தான் அநியாயமான நிறுத்த அளவுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியும், வேலைநிறுத்தத்தின் இரண்டாம் வாரத்திலும் அடுப்பெரிக்க முடியும். ஆனாலும் தலைவரின் பயத்தில் பாதி உண்மை உண்டு. ஆகவே சம்பள நிர்ணயச் சபையின் குறைந்தபட்சச் சம்பளம், வீட்டுக்கான காணி ஆகிய கோரிக்கைகள் அப்படியே நிற்க வேண்டும். அவற்றுக்குப் பதிலாக இந்தப் பணம் என்று எவராவது சொன்னால் நான் எதிர்ப்பேன்.

கடைக்கார அண்ணனிடம் ஒரு நாள் கூட்டம் குறைந்த பிறகு கேட்டேன்: எல்லோருக்கும் தானாகக் காசு வந்துவிட்டால் உங்கள் தொழில் என்னாகும்? அவர் பிரதி இயந்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டே, “கல்யாணக் கார்டு அடிக்கலாம் தம்பி, பிள்ளைங்களுக்குப் பாடக் குறிப்பு பைண்ட் பண்ணலாம். எனக்கும் அந்தக் காசு வருமில்ல?” என்றார். பிறகு, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி வந்து தன் முகத்தைப் பார்க்கும் நாட்களில் தனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை என்றும், தான் எழுதியதில் பிழை இருந்ததோ என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பதாகவும் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விபரங்கள். கடை காலை எட்டரைக்குத் திறக்கும், மாலை ஆறு மணிவரை இருக்கும், ஞாயிறு பகல் ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் போக வேண்டாம், நிற்க இடம் இருக்காது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், கடைசியாக வந்த மின்சாரப் பட்டியல் ஆகியவற்றின் மூலப் பிரதிகளைக் கொண்டுபோங்கள். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம், அக்கா ஏச மாட்டார். வயதானவர்களைக் கூட்டிப் போனால் கீழே மருந்துக் கடை வாசலில் உட்கார வைத்துவிட்டு மேலே போய்ச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, பக்கத்தில் குந்தியிருந்து எழுதித் தருவாள். என் அம்மாவுக்கு அப்படித்தான் எழுதினாள்.